ஆடும் என் சுவரும்

ஐப்பசியில் ஒரு வாரம், நான் உங்களுக்கு எழுதும் இந்தப் பத்திரிகைப் பக்கம் பாதியாகத்தான் வந்தது. ஞாபகம் இருக்கிறதா பிள்ளைகளே? "உடம்பு சரியில்லையா மாமா?" என்று கேட்டுச் சில பேர் கார்டுகூடப் போட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. மீதிப் பாதியை ஒரு ஆடு தின்றுவிட்டது.

என் மேஜைக்கு ஆடு எப்படி வந்தது? நான் கட்டிய சுவரால் வந்தது.

செஞ்சியில் எங்கள் தெரு மலைச்சரிவில் இருக்கிறது. என் வீட்டுப் புழக்கடை மேடு. அதை ஒட்டிக் கீழே, ஜைத்தூன் அம்மாள் வீட்டு ஆட்டுக்கொட்டகை. மழை வந்தால் என் மண் அவர்கள் கொட்டகைக்குக் குடிபோய்விடும். அவர் வீட்டுக்காரர் சைக்கிளில் வளையல் பெட்டி கட்டிக்கொண்டு சிங்கவரம், மேல்சித்தாமூர் என்று போய்விடுகிறவர். வீட்டில் இருப்பது அந்த அம்மாளும், கைக்குழந்தையும், அந்த ஒரே ஆடும்தான். குழந்தைக்குப் பால் அந்த ஆட்டிடமிருந்துதான் வர வேண்டும்.

"அண்ணே, குறுக்க ஒரு செவுரு வெச்சிடுங்களேன்... ஆடு சேத்துலயே நிக்குது" என்றார்.

கொத்தனாரைக் கூப்பிட்டேனா? கூப்பிடவில்லை. நான் மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், மூட்டை நிறுப்பவன். படிப்பு எட்டாவது. ஆனால் பிறந்ததிலிருந்து தினமும் கோட்டையைப் பார்த்துக்கொண்டு பல் விளக்குகிறவன் ஆயிற்றே! செஞ்சிக்காரர்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. யாரோ மலைமேல் கட்டிவிட்டுப் போனார்கள். அந்தத் திறமை எங்கள் ரத்தத்தில் இறங்கியிருப்பதாக நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

சித்திரை வெயிலில் கட்டினேன். மார்பு உயரம். கல்லெல்லாம் எங்கள் ஊரில் காலில் இடறுகிற கல்தான். நெட்டுக்குத்தாக நிறுத்தி, அலைந்து திரிந்து வாங்கிய சிமெண்ட்டில் முழுக்கப் பூசினேன். எறும்பு நுழைய இடம் இல்லை. அப்படி ஒரு வழவழப்பு.

என் மகள் பத்மா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"நைனா, கோட்டைச் செவுத்துல அங்கங்க ஓட்டை இருக்குதே. நமக்கு வாணாமா?"

"அது பீரங்கி வெக்கிறதுக்கு. நம்ம மேல யாரு படையெடுத்து வரப்போறான்? ஓட்டை வுட்டா தேள்தான் வரும்."

என்ன ஒரு பதில்! அன்று முழுக்க எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

ஜைத்தூன் அம்மாள் ஒன்றே ஒன்று கேட்டார். "ஆடு கட்ட இதுல ஒரு முளை அடிச்சிக்கட்டுமாண்ணே?" முடியாது என்று எப்படிச் சொல்வது? அவர் கல்லிடுக்கில் இரும்பு முளையை அடித்தார். ஒவ்வொரு அடியும் என் நெஞ்சில் விழுந்தது... பூச்சு கெடுகிறதே!

ஐப்பசி வந்தது. மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில் ஜைத்தூன் அம்மாள் கீழே இருந்து கூப்பிட்டார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. என் ஆட்டுக்கும் உங்க செவுத்துக்கும் ஒரே மாசம் போல இருக்குது."

எட்டிப் பார்த்தேன். ஆடு நிறைசினை. அதன் தலைக்கு மேலே என் சுவர், நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது.

"பூச்சு கொஞ்சம் உப்பியிருக்குதும்மா. காஞ்சா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு மண்டிக்குப் போனேன்.

சாயங்காலம் திரும்பினால், என் அறையில் ஆடு நிற்கிறது!

"இன்னா இது?" என்றேன் என் மனைவி சுனந்தாவிடம்.

"சினை ஆடு. உங்க செவுத்துக்குக் கீழ கட்டி வெக்க மனசு வர்ல. நான்தான் ஓட்டியாரச் சொன்னேன்."

"அப்ப என் செவுரு மேல உனக்கு நம்பிக்கை இல்ல?"

"இருக்குதே. விழும்னு நம்பிக்கை இருக்குது."

நான் கோபித்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்த நேரத்தில்தான் ஆடு உங்கள் பக்கத்தைத் தின்றது.

மறுநாள், இனிமேல் இதைக் கட்டிப்போட்டாக வேண்டும் என்று ஆயிற்று. முளையைப் பிடுங்கி வர ஜைத்தூன் அம்மாள் கீழே போனார். இழுத்தார். அவ்வளவுதான் — "யா அல்லா!" என்று ஒரு சத்தம்.

ஓடினேன். முளை இருந்த ஓட்டையிலிருந்து செந்நிறத் தண்ணீர் குழாய் திறந்த மாதிரி பீய்ச்சி அடிக்கிறது. அந்த அம்மாள் முகமெல்லாம் சேறு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெய்த மழை, நாங்கள் குளித்த தண்ணீர், எல்லாம் சுவருக்குப் பின்னால் மண்ணில் இறங்கி, வெளியே போக வழியில்லாமல் நின்றிருக்கிறது. ஊறிய மண்ணுக்கு எவ்வளவு கனம்! அதுதான் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. எதிரி வெளியிலிருந்து வருவான் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என் புழக்கடையிலேயே கூடாரம் போட்டிருந்தான்.

ஜைத்தூன் அம்மாளை மேலே அனுப்பிவிட்டுக் கடப்பாரையை எடுத்தேன். விவரம் தெரிந்தவன் அந்தப் பக்கமே போகமாட்டான். நான் சுவருக்கு அடியிலேயே போய் நின்று குத்தினேன். ஓரங்களில் ஓட்டை விழுந்தது, தண்ணீர் கொட்டியது. பார்த்தாயா, சமாளித்துவிட்டேன் என்று நிமிர்ந்தேன். நடுவில் ஒரு கல் 'கரக்' என்றது. நான் கொட்டகை வேலியை எப்படித் தாண்டினேன் என்று இன்றுவரை தெரியாது. வேட்டி பாதி வேலியில்... மீதி என்னிடம்.

திரும்பிப் பார்த்தேன். வயிறு இருந்த இடம் முழுவதும் சரிந்து, தினமும் ஆடு படுக்கிற இடத்தில் குவிந்து கிடந்தது. நேற்று வரை அது அங்கேதான் படுத்திருந்தது.

மேலே நின்ற சுனந்தா சொன்னாள்: "ஜைத்தூனு, எங்க செவுரு முந்திக்கிச்சு."

"நல்லவேளை, நம்ம அண்ணி பேச்சைக் கேட்டேன்" என்றார் ஜைத்தூன் அம்மாள். அண்ணன் பேச்சைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மரியாதை தெரிந்தவர்.

அன்று சாயங்காலம் என் மேஜைக்கு அடியில் ஆடு இரண்டு குட்டிகள் போட்டது.

தை பிறந்து மண் காய்ந்ததும் மிச்சத்தையும் பிரித்து, கொத்தனாரோடு நின்று திரும்பக் கட்டினேன். அடி அகலம்; மேலே போகப் போகச் சுவர் மேட்டுப் பக்கம் லேசாகச் சாயும். முதுகுப் பக்கம் மண்ணை நேராகக் கொட்டாமல் உடைகல்லும் சரளையும் போட்டோம். கீழ்வரிசையில் ஒரு கை நீளத்துக்கு ஒன்றாக ஓட்டைகள். நீங்கள் பெரியவர்களாகிச் சுவர் கட்டினால், தண்ணீருக்கு வழியை முதலில் யோசியுங்கள். அழகு அப்புறம்.

ஓட்டைகள் எதற்கு என்று தெருவில் யாராவது கேட்டால், "பீரங்கிக்கு" என்று பத்மா முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறாள்.

குட்டிகள் இரண்டும் இப்போது அந்தச் சுவர் மேலேயே ஏறி நின்று குதிக்கின்றன. ஒரு கல்கூட அசையவில்லை. தாய் ஆடு மட்டும் அதற்குக் கீழே படுக்க இன்னும் சம்மதிக்கவில்லை.