மார்கிரட் வெள்ளிக்கிழமை கேட்ட மீன்

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட, பலாலி வீதியில் என் சாப்பாட்டுக்கடை. இருபது வருடமாக எத்தனையோ விதமான ஆட்களுக்குப் பரிமாறியிருக்கிறேன். ஐந்தே நாளில் என் பொறுமையைத் தின்று முடித்தவள் மார்கிரட் ஒருத்திதான்.

அவள் குருநகர்க்காரி. கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, கடலுக்குப் போகிற யாகோப்பையே கட்டினவள். தொண்ணூறில் ஷெல் விழ, ஐந்து வயது மகள் பெர்னடெட்டையும் தூக்கிக்கொண்டு இருவரும் இங்கே ஓடிவந்தார்கள். குருநகருக்குத் திரும்ப வழியில்லை; கடலில் இறங்கவும் தடை. யாகோப்பு சந்தையில் மூட்டை சுமந்தான். அறை கொடுத்த இரத்தினம்மா நல்ல மனுசிதான். ஆனால் மீன், இறைச்சி என்று மச்சம் தின்கிறவர்களைக் குசினிக்குள் விடமாட்டார், முற்றத்தில் அடுப்பு மூட்டவும் விடமாட்டார். ஆகவே மூன்று வேளையும் கடைச்சாப்பாடு.

பிள்ளைக்கு அது கொண்டாட்டம். வடையும் றோல்ஸும் தவிர வேறொன்றையும் வாயில் வைக்காது. மெலிந்துபோய், பொழுதுபட்டால் கண் தெரியாமல் தடுமாறத் தொடங்கியது. மீனும் கீரையும் கொடுக்காவிட்டால் பார்வையே போய்விடும் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அதற்கடுத்த திங்கட்கிழமைதான், மற்றக் கடைகளை விட்டுவிட்டு, மார்கிரட் முதன்முதலாக என் கடைக்குள் வந்தாள். மீன் சட்டியை எட்டிப் பார்த்து, "முதலாளி, உது நேற்றையான் மீன்" என்றாள், நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே! வியாழன்வரை தினமும் இதே கதை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சொன்னது சரி என்பதுதான் கூடுதல் எரிச்சல்.

வெள்ளி மத்தியானமும் பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"இண்டைக்கெண்டாலும் நல்ல மீனாய் ரெண்டு துண்டு போடுங்கோ, முதலாளி."

"வெள்ளிக்கிழமை, தங்கச்சி. கடையிலை சைவம்."

"வெள்ளிக்கிழமை எண்டாத்தானே மீன்!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த, பக்கத்துக் கம்பஸில் படிக்கிற பெடியள் சிரித்துவிட்டார்கள். அவளைப்போல வேதக்காரரான கத்தோலிக்கருக்கு வெள்ளியில் இறைச்சிதான் ஆகாது, சைவக்காரரான எங்களுக்கு மீனும் ஆகாது. பாவம், பிறந்த நாள் முதல் பழகின வெள்ளிக்கிழமையை நம்பி வந்திருக்கிறாள்.

"பின்னாலை ஒரு அடுப்புத் தாங்கோ. மீன் நான் கொண்டுவாறன்."

"மணம் வந்தால் எல்லாரும் எழும்பிப் போயிடுவினம். உங்கடை வீட்டிலை சமைக்கிறதுக்கென்ன?"

கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அடுப்பு இருந்தால் உங்கடை வாசலிலை வந்து நிப்பனோ?" என்றாள்.

சோறும் முருங்கையிலை வறையும் வைத்தேன். பெர்னடெட் வாயை இறுக்கி மூடிக்கொண்டு வடைப் பெட்டியைக் காட்டியது. தாய் கெஞ்சினாள். வெருட்டினாள். முதுகில் ஒன்று வைத்தாள். அப்போதும் வாய் திறக்கவில்லை. கடைசியில் குனிந்து, "இதைத் திண்டு முடிச்சால் எங்கடை வீட்டை போகலாம், குஞ்சு" என்றாள்.

பிள்ளை கண்ணைத் துடைத்தது. "குருநகருக்கோ?"

"ஓம்."

"உண்மையாவோ அம்மா?"

"ஓம். தின்."

பிள்ளை தானே பிசைந்து தின்றது. சாப்பாட்டுக் கோப்பையை வழித்து நக்கிவிட்டு என்னிடம் இன்னும் வறை கேட்டது. அள்ளி வைத்தேன். அந்த அடுப்பை நான் கொடுத்திருக்கலாம். இன்றுவரை அதற்கு என்னிடம் நியாயம் இல்லை.

முடித்ததும் ஓடிப்போய்க் கை கழுவி, சட்டையில் துடைத்துக்கொண்டு வீதியோரம் போய் நின்றது.

"நான் முடிச்சிட்டன். வாங்கோ அம்மா, போவம்."

மார்கிரட் உட்கார்ந்திருந்த மர வாங்கிலிருந்து எழும்பவில்லை.