அம்மாவின் உத்தரிக்கிற ஸ்தலம்

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடக்காமல் போயிருந்தால் நான் எம்.ஏ. தேறியிருக்கவே மாட்டேன். இதை எங்கே சொன்னாலும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தொண்ணூறுகளின் நடுவில் நான் பகலெல்லாம் ரெசிடென்சி ரோட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் டைப் அடித்துவிட்டு, சாயங்காலம் பஸ் பிடித்து மாலைக் கல்லூரிக்கு ஓடுவேன். படித்தது ஆங்கில இலக்கியம். இரண்டாம் வருடத்தில் ஒரு பேப்பர் வந்தது: பழைய கிரேக்கர்களின் சோக நாடகங்கள், அவர்களுடைய தத்துவம், அதற்கும் பின்னால் இடைக்கால ஐரோப்பாவில் எழுதிவைத்த நரக தரிசனங்கள். ஆபீஸில் மற்றவர்களின் வரவு செலவை அடித்துக் களைத்த கண்ணுக்கு இதெல்லாம் எறும்பு ஊர்வதைப் போலத்தான் தெரிந்தது. அந்தப் பேப்பரில் கோட்டை விடப்போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் அம்மாவுக்குக் கண்புரை எடுத்தார்கள். இப்போது போல அன்று மாலையே வீட்டுக்கு வந்து டிவி பார்க்கிற ஆபரேஷன் அல்ல அது. குனியக்கூடாது, அடுப்படிக்குப் போகக்கூடாது, டிவி பக்கம் திரும்பவே கூடாது. ஒரு கண்ணில் கட்டு, அதன் மேல் பச்சைத் துணி. அப்பா காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. விவேக் நகரில், குழந்தை ஏசு கோவிலுக்குப் போகும் சந்து ஒன்றில், இரண்டு அறை வீட்டில் நானும் அம்மாவும்தான். வியாழக்கிழமை நவநாள் ஜெபத்துக்குக் கூட்டம் சந்து வரை நிற்கும். மெழுகுவர்த்தி விற்கிறவர்களின் குரலைக் கேட்டே இன்று கூட்டம் எவ்வளவு என்று அம்மா சொல்லிவிடுவாள். கோவிலுக்குப் போக முடியாத அந்த வாரங்களில் அவளுக்கு ஏற்பட்ட எரிச்சல் கொஞ்ச நஞ்சமல்ல.

"சும்னே கூர முடியலடி. நீ படிக்கிறதயாவது சத்தமா படி, கேக்கறேன்" என்றாள். சும்மா உட்கார முடியவில்லை என்பதைக் கூட அவள் கன்னடம் கலந்துதான் சொல்வாள்.

இங்கிலீஷில் படித்தேன். ஒரு பக்கம் முடிவதற்குள் நிறுத்தச் சொல்லிவிட்டாள். சின்ன வயதில் லத்தீனில் பூசை கேட்டுப் புரியாமலேயே முழங்கால் போட்டது போதும், இதையாவது தமிழில் சொல் என்றாள். தமிழில் சொல்ல வேண்டுமென்றால் முதலில் எனக்குப் புரிய வேண்டும் அல்லவா? ஆபீஸுக்குப் போகும் பஸ்ஸில் படித்துப் புரிந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவுக்குச் சொல்லத் தொடங்கினேன். நான் எம்.ஏ. படித்தது அப்படித்தான்.

முதல் நாடகமே வில்லங்கம். ஊரைப் பிடித்த கொள்ளை நோய்க்குக் காரணமான கொலைகாரனைத் தேடுகிறான் ஒரு ராஜா. விசாரித்து விசாரித்துக் கடைசியில் அது தான்தான் என்று தெரிந்து தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான். அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். எதிரே பச்சைத் துணியோடு உட்கார்ந்திருக்கிறவளிடம் இதை எப்படிச் சொல்வது? மென்று விழுங்கிச் சொல்லிவிட்டேன். அம்மா கட்டுப் போட்ட பக்கத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "நல்ல நேரம் பாத்து எடுத்தடி கதைய" என்றாள். பிறகு நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில், கண்ணில் தண்ணி வரக்கூடாது என்று டாக்டர் சொன்னது மறந்தே போனது.

தத்துவப் பாடம் அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கிழவர் ஒருவர் சந்தையில் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி, தைரியம் என்றால் என்ன, நியாயம் என்றால் என்ன என்று கேள்வி கேட்டே துளைத்தெடுத்தார், கடைசியில் ஊரார் சேர்ந்து அவருக்கு விஷம் கொடுத்தார்கள் என்று சொன்னேன். அந்த ஆளுக்கு வேறு வேலை இல்லையா, வீட்டில் பெண்டாட்டி அரிசிக்கு என்ன செய்தாள் என்று கேட்டாள் அம்மா. பரீட்சையில் இப்படி ஒரு கேள்வி வந்திருந்தால் நான் முழு மார்க் வாங்கியிருப்பேன்.

இன்னொரு நாடகம் மட்டும் அவளைப் பிடித்து உலுக்கிவிட்டது. போரில் செத்த ஒருவனைப் புதைக்கக்கூடாது என்று ராஜா உத்தரவு போடுகிறான். செத்தவனின் தங்கை உத்தரவை மீறிப் போய்ப் பிணத்தின் மேல் மண் தூவுகிறாள். சொல்லி முடித்ததும் அம்மா, "மண்ணு விழுந்துச்சில்ல?" என்று மட்டும் கேட்டாள். விழுந்தது, ஒரு கைப்பிடிதான் என்றேன். அது போதும் என்றாள்.

எனக்கு ஏன் என்று தெரியும். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. இரண்டே நாள் இருந்தது. ஞானஸ்நானம் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. பிழைத்துக்கொள்ளும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்கு, ஃபாதர் ஜெபித்து மந்திரித்த கல்லறை மண்ணில் இடம் இல்லை என்பது அந்தக் காலத்து வழக்கம். அப்பா துணியில் சுற்றி எடுத்துப் போய்க் கல்லறைத் தோட்டத்து மதில் சுவருக்கு வெளியே புதைத்துவிட்டு வந்தார். அம்மா அப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். எந்த இடம் என்று அவளுக்கு யாரும் காட்டவே இல்லை. நவம்பர் மாதக் கல்லறைத் திருநாளில் எல்லோரும் செவ்வந்தியும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைகளைச் சுற்றி நிற்க, அம்மா மட்டும் மதில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கோவிலுக்குப் புதிதாக எந்த ஃபாதர் வந்தாலும் போய்க் கேட்பாள், என் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று. ஒருவர் மோட்சமும் இல்லை நரகமும் இல்லை என்பார். இன்னொருவர் ஆண்டவருக்குத்தான் வெளிச்சம் என்பார். வியாழக்கிழமை தவறாமல் குழந்தை ஏசுவின் முன்னால் அவள் முழங்கால் போட்டது இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

பாடம் நரகத்துக்கு வந்தது. அதற்கு முன்னால் வகுப்பில் நான் அடித்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். நரகத்துக்கும் மோட்சத்துக்கும் நடுவே ஓர் இடம் உண்டு என்று இடைக்காலத்தில் நம்பினார்கள், வகுப்பில் கத்தோலிக்கர் யாராவது விளக்குங்கள் என்றார் எங்கள் பேராசிரியை. நான் துள்ளி எழுந்தேன். தமிழில் அதை உத்தரிக்கிற ஸ்தலம் என்போம், செத்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து கடவுள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் இடம் அது என்றேன். லிங்கராஜபுரத்திலிருந்து வரும் ஒரு பையன், அவனும் கத்தோலிக்கன்தான், பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தான். கன்னடக்காரத் தோழி ஒருத்தி மட்டும், இதில் சிரிக்க என்ன இருக்கிறது, உத்தரம் என்றால் பதில்தானே என்று எனக்காக வாதாடினாள்.

வீட்டுக்கு வரும் வழியில் லைப்ரரியில் அகராதியைப் புரட்டினேன். உத்தரித்தல் என்றால் வேதனை அனுபவித்தல், செய்த பாவத்துக்கு ஈடு செய்தல். பதிலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அப்படியானால் பரீட்சை ஹாலைப் போன்ற ஓர் இடம் என் மண்டையில் எப்படி ஏறியது? அம்மாதான். அவள் படித்தது கன்னட மீடியம் சர்க்காரிப் பள்ளிக்கூடம். கேள்வித்தாளின் தலையில் 'உத்தரிசி' என்று போட்டிருக்கும், விடை எழுதுங்கள் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பிலோ தமிழில் உத்தரிக்கிற ஸ்தலம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்து அவளே ஒரு பரலோகத்தைக் கட்டி, எனக்கும் அதைச் சோற்றோடு ஊட்டிவிட்டாள். அகராதி சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். தான் படித்த ஸ்கூலில் அகராதி எழுதினவன் படிக்கவில்லை என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு நரகத்தில் இறங்கினோம். வாசல், ஓர் ஆறு, ஓடக்காரன், கீழே போகப் போகக் குறுகும் படிகள். முதல் படியில் யார் இருக்கிறார்கள் என்று நான் பஸ்ஸிலேயே படித்துவிட்டிருந்தேன். அங்கே நெருப்பு இல்லை, அடி உதை இல்லை. வெறும் பெருமூச்சு. ஞானஸ்நானம் பெறாத பச்சைக் குழந்தைகளும், ஏசுவுக்கு முன்னாலேயே பிறந்துவிட்ட நல்லவர்களும் அங்கே வெளியே வர வழியில்லாமல் இருக்கிறார்கள். இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஓடத்திலிருந்து இறங்கியதும் நேராக இரண்டாம் படிக்குப் போய், காற்றில் அலைக்கழிகிற காதலர்களின் கதையைக் கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்தே சொன்னேன்.

அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். "ஆறு வந்துச்சு, ஓடம் வந்துச்சு, அப்றம் ரெண்டாவது படின்றே. மொத படி எங்கடி?"

அது முக்கியமில்லை, பரீட்சைக்கு வராது என்று மழுப்பினேன். அம்மா விடவில்லை. ஒரு விரலை நீட்டிக் காட்டினாள். அதற்கு மேல் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். குழந்தைகள் என்ற வார்த்தையை மட்டும் வேகமாகச் சொல்லிக் கடந்தேன்.

சந்தில் ஓர் ஆட்டோ திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அது போகிற வரை அம்மா காத்திருந்தாள்.

"அந்தக் கேள்வி கேக்கற கெழவன், விஷம் குடிச்சவன், அவனும் அங்கதானா?"

யோசித்துப் பார்த்தேன். ஆமாம், அவரும் அங்கேதான் என்றேன்.

"அப்ப பரவால்ல" என்றாள். "நானும் இத்தினி வருஷமா பயந்துனே கெடந்தேன். ரெண்டு நாள் புள்ள, பேசத் தெரியாது, உத்தரிக்கிற ஸ்தலத்துல கேள்வி கேட்டா இன்னா சொல்லும்னு. மொத படில யாரும் அத கேள்வி கேக்க மாட்டாங்க. அந்தக் கெழவன் அதுக்குப் பேசக் கத்துக் குடுத்திருப்பான். கேள்வி கேக்கவும் கத்துக் குடுத்திருப்பான்." கட்டு இல்லாத கண்ணால் என்னைப் பார்த்தாள். "நானும் உத்தரிக்கிற ஸ்தலத்துக்குப் போய் ஆண்டவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேப்பேன். எம்புள்ளய ஏன் சொவத்துக்கு வெளிய போட்டீங்கன்னு. அவருதாண்டி உத்தரிக்கணும்."

நான் அழுதேன். அம்மா அழவில்லை. டாக்டர் சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்க வேண்டும். டீ போடச் சொன்னாள், போட்டேன், குடித்தோம். ஐந்தாம் படி வரைக்கும் அன்றைக்கே இறங்கினோம்.

பேப்பரில் தேறினேன். சொல்லிக்கொள்கிற மாதிரி மார்க் இல்லை, ஆனால் தேறினேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு கல்லூரியில் வேலை கிடைத்து, அதே பேப்பரை நானே நடத்துகிறேன். அந்த நாடகங்களுக்கும், நரகத்தைப் படி படியாக எழுதிவைத்த அந்த மனுஷர்களுக்கும் நான் பட்டிருக்கிற நன்றிக்கடன் சாதாரணமானது அல்ல. எங்கள் வீட்டில் வாய் திறந்து பேசவே முடியாத ஒன்றைப் பேச எங்களுக்கு அவர்கள் ஒரு வழி விட்டார்கள். அதைவிடப் பெரிய நன்றி அம்மாவுக்கு. தெரியாததைத் தமிழில் சொல் என்றவள் அவள். வகுப்பில் முதல் படி வரும்போது நான் தாண்டிப் போவதில்லை.

அம்மா இப்போது மதிலுக்கு உள்ளே, மந்திரித்த மண்ணில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். கல்லறைத் திருநாளில் அவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு மதிலுக்கு வெளியே போவேன். அங்கே இப்போது ஸ்கூட்டர்கள் நிறுத்துகிறார்கள். எந்த இடம் என்று எனக்கும் தெரியாது. உத்தேசமாக ஓர் இடத்தில் ஒட்டவைத்து, ஒரு கைப்பிடி மண்ணைத் தூவிவிட்டுத் திரும்பி வருவேன். உள்ளே ஃபாதர் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் ஆத்துமாக்களுக்காக என்று ஜெபத்தைத் தொடங்கியிருப்பார். எல்லோரும் தலையைக் குனிந்திருப்பார்கள். நான் குனிவதில்லை. அம்மா அங்கே கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நிற்கும்போது நான் இங்கே தலையைத் தொங்கப்போட்டால் நன்றாகவா இருக்கும்?