சீனிக்கு வைத்த எலும்பு

இது இட்டுக்கட்டிய கதையல்ல. சந்தேகமிருந்தால் கண்டி மஹய்யாவயில் கைரியா டீச்சரிடமே போய்க் கேளுங்கள். சத்தியமெல்லாம் செய்யமாட்டார். எங்காவது பூனை கத்தினால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார், அவ்வளவுதான்.

2022ஆம் வருஷம். பெற்றோல் இல்லை, கேஸ் இல்லை, பாதி நாளுக்குக் கரண்ட் இல்லை. இல்லாத பெற்றோலில் எப்படியோ ஓடிவந்த ஒரு த்ரீவீல், டீச்சரின் பூனை சீனியின் மேல் ஏறியது. கணவர் மௌத்தாகி, மகனும் கட்டாருக்குப் போன பிறகு அவருக்கு மிஞ்சிய துணை அது ஒன்றுதான். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்?

தொடையெலும்பு நொறுங்கியிருந்தது.

"தகடு வைக்கலாம் டீச்சர்," என்றார் மிருக டொக்டர் பொன்னுத்துரை. "ஆனா நடுவில வேற பூனையின்ர எலும்பை வச்சுத்தான் பொருத்தவேணும். ப்ரீசரில வச்சிருக்கிறம்."

"மௌத்தான பூனைட தானே? ஒரு உசுர வதச்சி எண்ட பூனைக்கு வேணாம் டொக்டர். நாளைக்கி மறுமையில நான்தான் பதில் சொல்லணும்."

"ஓம் ஓம், செத்ததின்ரதான்."

சீனி பிழைத்தது. டீச்சர் அழுதுகொண்டே அந்த டொக்டருக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்டார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

காயம் ஆறியது. ஆனால் அந்தக் கால் மட்டும் சூடு பிடிக்கவில்லை. கம்பளி சுற்றினார், சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்தார். ஐஸ் மாதிரியே இருந்தது. சில நேரம் சீனி தன் காலைப் பார்த்தே சீறும்.

ஒரு நாள் கரண்ட் போயிருந்த நேரம். பொழுது சாய்ந்ததும் டீச்சர் மஃரிப் தொழுது, ஸலாம் கொடுத்து முடித்தார்.

குசினியில் சத்தம்.

தொப்... தொப்... தொப்...

கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் தொப்... தொப்... தொப்... மூன்று காலால் நடக்கும் நடை.

சீனிதான் நொண்டுகிறது என்று நினைத்தார்.

"சீனி, இங்க வா மகன்."

அவர் முழங்காலருகே ஏதோ நடுங்கியது. தடவிப் பார்த்தார்.

சீனி.

அது அவரோடு ஒட்டிப் படுத்திருந்தது. மயிரெல்லாம் சிலிர்த்து நின்றது.

தொப்... தொப்...

கதவுநிலை வரை வந்துவிட்டது. மருந்து வாடை. இரத்த வாடை.

சீனி கத்தவில்லை. ஓடவில்லை.

அந்தக் குளிர்ந்த காலை மட்டும் நீட்டியது...

இருட்டுக்கு.

கரண்ட் வந்தபோது கதவடியில் எதுவுமில்லை. சீனி செத்துக் கிடந்தது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

மறுநாள் டீச்சர் வைத்தியசாலைக்குப் போனார். டொக்டர் வெளியே வரவில்லை. கூண்டு கழுவும் பழனியாண்டியை டீச்சர் கட்டடத்துக்குப் பின்பக்கம் பிடித்துக்கொண்டார்.

"அது எந்தப் பூனைட எலும்பு? உண்மையச் சொல்லுங்க."

"எம்புள்ளைக்குப் படிச்சுக் குடுத்தவங்க, ஒங்ககிட்ட பொய் சொல்லமாட்டேன் டீச்சர். கரண்ட் இல்லாம ப்ரீசர்ல இருந்ததெல்லாம் அழுகிப்போச்சு. யாரோ விட்டுட்டுப் போன பூன ஒன்னு கூண்டுல கெடந்துச்சு. அதுலதான் எடுத்தாரு."

டீச்சர் இன்னும் கிட்டப் போனார்.

"அதக் கொன்ன பொறகா எடுத்தாரு?"

பழனியாண்டி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இல்லீங்க டீச்சர். மயக்க மருந்தும் தட்டுப்பாடு. இருந்தது ஒரு பூனைக்குத்தான் காணும். அத சீனிக்குப் போட்டுட்டாரு."