பன்னிரண்டு கோப்புகள்

பேருந்துக் கழக அலுவலகத்தில் எல்லோருக்கும் பொதுவான சர்வர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவருக்கு எல்லோரும் வைத்த பெயர் 'பத்திரம்'. எதைத் தூக்கிப் போடச் சொன்னாலும், "பத்திரமா இருக்கட்டும்" என்பார். வீட்டிலும் இதே கதைதான். டிவி போய் ஆறு வருஷம் ஆகியும் அது வந்த அட்டைப்பெட்டி பரண் மேல் ராஜாவாட்டம் உட்கார்ந்திருக்கிறது. செத்துப்போன போன்களின் சார்ஜர்கள் ஒரு வாளி நிறைய. இப்படிப்பட்ட ஆளிடம் ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அந்த அலுவலகம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

அவர் மனைவிக்கும் அங்கேதான் வேலை, மாடியில், புரோகிராமர். அலுவலகத்துக்குள் நுழைந்துவிட்டால் அவர் 'சார்', அந்த அம்மாள் 'மேடம்'. காலையில் குளியலறைக்குச் சண்டை போட்டவர்கள் ஒன்பதரைக்கு வணக்கம் சொல்லிக்கொள்வதைப் பார்க்கவே வாசல் காவலாளி சீக்கிரம் வருவார்.

மனைவி நான்கு மாதமாக ஒரு பழைய க்ளாஸைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தாள். சர்வர் எடுத்து ஓட்டுவதற்கான நிரல் துண்டு அது. எந்த டிரைவருக்கு எந்த பஸ் என்று அட்டவணை போட்டுத் தரும். அன்று பதினொரு மணிக்கு மேலதிகாரி முன்னால் அது ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் வேலை வெளிக் கம்பெனிக்குப் போய்விடும். அவளுக்கு எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் ஓர் ஊருக்கு மாற்றல். உத்தரவு தயாராகவே இருந்தது.

பத்தேகாலுக்குச் சர்வர், 'அப்படியொரு க்ளாஸே இல்லை' என்று கையை விரித்தது.

"சார், என் மெஷின்ல ஓடுது."

"உங்க மெஷின்ல ஓடும் மேடம். சர்வருக்கு அது எங்க இருக்குன்னு சொல்லணும்ல? சொல்லாம அதுக்கு எப்படித் தெரியும்?"

இந்த விஷயத்தில் அவர் கெட்டிக்காரர்தான். புதுக் கோப்பைத் தன்னுடைய ஃபோல்டர் ஒன்றில் வைத்தார். சர்வரின் அமைப்புக் கோப்பைத் திறந்து, 'இந்த ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றிலும் தேடு' என்று பாதையை எழுதிச் சேர்த்தார். ரீஸ்டார்ட் செய்தார். க்ளாஸ் கிடைத்துவிட்டது. மனிதர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

திரையில் அட்டவணை வந்தது. ஒரே டிரைவர், காலை ஆறு மணிக்கு, இரண்டு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே.

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இது நான் சேந்த புதுசுல பண்ண தப்பு. ஒன்பது வருஷத்துக்கு முன்னாடியே திருத்திட்டேன். இது எங்கேர்ந்து வருது?"

பத்திரத்துக்கு உடனே தெரிந்துவிட்டது. மெல்ல மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவள் மவுஸைப் பிடுங்கி ஃபோல்டரைத் திறந்தாள். பன்னிரண்டு கோப்புகள். கடைசியில் இருந்தது புதிது. மற்ற பதினொன்றும் அதே க்ளாஸின் பழைய வடிவங்கள், ஒன்பது வருஷமாக அவள் எழுதித் திருத்தி, எழுதித் திருத்திக் கழித்துப் போட்டவை. அழகாக எண் போட்டு வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். கேட்ட பெயரில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொண்டு, தேடுவதை அத்தோடு நிறுத்திவிடுவது சர்வரின் குணம்.

"ஏங்க!" என்றாள். 'சார்' பறந்துவிட்டது. "இத எதுக்குங்க வெச்சிருக்கீங்க?"

"நீ எழுதினதாச்சே. அழிக்க மனசு வரல."

மணி பத்து ஐம்பது. "பழசையெல்லாம் வேற ஃபோல்டருக்கு மாத்திடறேன், ரெண்டே நிமிஷம்" என்று இழுத்தார். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை. அழுகைதான் முந்தியது.

"எழுதினவ இங்க நிக்கிறேன். என்னை வேற ஊருக்கு அனுப்பிட்டு ஃபைல வெச்சு என்ன பண்ணப் போறீங்க?"

காலியான வீட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது ஒரு கணம் அவர் கண்முன் வந்து போனது. உண்மையிலேயே பயந்துவிட்டார். பதினொன்றையும் தேர்ந்தெடுத்து அழித்தார். 'நிச்சயமாகவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக யோசிக்காமல் 'ஆம்' என்றார். மறுபடி ரீஸ்டார்ட் செய்தார்.

பதினொன்று ஐந்துக்கு மேலதிகாரி அறையில் இருந்த திரையில் ஒரு டிரைவருக்கு ஒரு பஸ்தான் இருந்தது. மேலதிகாரி மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். "நல்லா இருக்கே! அப்புறம் ஏன் லேட்டு? மேடம் புரோகிராம்ல ஏதாவது கோளாறா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பத்திரம் எழுந்துவிட்டார். பத்தொன்பது வருஷ சர்வீஸில் எல்லாக் கோளாறுக்கும் கரண்டையும் கேபிளையும் காட்டியே தப்பித்த மனிதர்.

"அவங்க எழுதினது காலையிலேர்ந்தே சரியாத்தான் சார் இருந்துச்சு. தப்பு முழுக்க என்னோடது."

மேலதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மேசை மேலிருந்த மாற்றல் உத்தரவை எடுத்து நான்காகக் கிழித்தார்.