இன்னும் இறுக்கிக் கட்டு

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். தேநீர், இரண்டு துண்டு பாண். அக்காவின் இரத்த அழுத்தம் 158க்கு 90. ஆறு இருபதுக்கு ஸ்காபரோவில் எங்கள் மல்வேர்ன் வீட்டிலிருந்து காரை எடுத்து, ஆறு ஐம்பதுக்கு அவரை டயாலிசிஸ் பிரிவின் வாசலில் இறக்கினேன். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் இதுதான் ஒழுங்கு. நான்கு மணித்தியாலம் அவர் கதிரையில் இருப்பார். நான் பக்கத்தில் இருப்பேன். ஒவ்வொரு நாளையும் இப்படி நேரத்தோடு என் நாட்குறிப்புக் கொப்பியில் எழுதிவைப்பது என் வழக்கம்.

அக்கா என்னிலும் ஏழு வயது மூத்தவர். என் வீட்டில்தான் இருந்தார். அவருடைய ஒரே மகன் போரின் கடைசி மாதத்தில், பத்தொன்பது வயதில், வன்னியில் காணாமற்போனான். உடலும் இல்லை, செய்தியும் இல்லை. அக்கா ஒருநாளும் அவனுக்குத் திவசம் செய்யவில்லை. 2023 ஆவணியில் அவருடைய கைபேசிக்கு ஓர் அழைப்பு வரத் தொடங்கியது. யாரை எங்கே கொண்டுபோனார்கள் என்று தனக்குத் தெரியும், மகன் இருக்கிறான், நேரில் வந்தால் காட்டுவேன் என்றது ஓர் ஆண்குரல். காசு கேட்கவில்லை. கேட்டிருந்தால் மோசடி என்று அக்கா அன்றே விட்டிருப்பார். நாங்கள் அந்த எண்ணுக்கு எடுத்தால் மணி மட்டும் அடிக்கும். அக்காவின் இதயம் இருந்த நிலையில் விமானப் பயணம் உயிரோடு முடியாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார்.

பக்கத்துக் கதிரைக்காரர் டான்ஃபோர்த் தெருவில் பேக்கரி நடத்திய கிரேக்கர். தன் நாட்டுப் பழங்கதைகளை ஆங்கிலத்தில் சொல்வார். நான் அக்காவுக்குத் தமிழில் சொல்வேன். சூனியக்காரியின் கிண்ணத்தில் குடித்தவர்கள் எல்லாரும் பன்றிகளாக, ஒரு வேரை வைத்திருந்தவன் மட்டும் மனிதனாகவே நின்ற கதையைக் கேட்டுவிட்டு அக்கா, "உந்த வேர் ஸ்காபரோவிலை எந்தக் கடையிலை விக்கினம் எண்டு கேள்" என்றார்.

செப்டெம்பரில் ஒருநாள் கிரேக்கர் சொன்னது தீவில் பாடும் பெண்களின் கதை. பாட்டைக் கேட்டவர்கள் திரும்புவதில்லை. போர் முடிந்து வீடு திரும்பும் அரசன் ஒருவன் மாலுமிகளின் காதுகளை மெழுகால் அடைத்து, தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொல்கிறான். நான் அவிழ்க்கச் சொன்னால் இன்னும் இறுக்கிக் கட்டுங்கள் என்கிறான். காதல் பாட்டாக இருக்கும் என்றேன் நான். கிரேக்கர் தலையாட்டி மறுத்தார். போரில் நடந்தது எல்லாம் எங்களுக்குத் தெரியும், இங்கே வா, சொல்கிறோம் என்பதுதான் அந்தப் பாட்டாம்.

அக்கா மடியில் கிடந்த கைபேசியைப் பார்த்தார். பிறகு, "எனக்கு வாற கோலும் உதுதானே, தம்பி" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கடவுச்சீட்டை எடுத்து என்னிடம் தந்தார். "உன்ரை கொப்பியிலை எழுது. நான் அழுதாலும் தராதை. தூசணத்திலை பேசினாலும் தராதை."

"கையெழுத்து வைக்கிறியளோ?"

"எனக்கென்னத்துக்கு? நீ எழுதினா எழுதினதுதான். அதெல்லோ உன்ரை வியாதி."

நவம்பர் 14 பின்னேரம் நாலு மணிக்கு மறுபடியும் அந்த அழைப்பு. கைபேசியோடு சமையலறைக்கு வந்தார்.

"இடது முழங்காலிலை தழும்பு எண்டு சொல்லுறான். சைக்கிளாலை விழுந்தது. அது ஆருக்குத் தெரியும்? பாஸ்போட்டைத் தா."

"அக்கா, எழுதியிருக்கு."

"கிழி."

"நீங்கள்தானே எழுதச் சொன்னனீங்கள்."

"அது அண்டைக்கு இருந்த அக்கா. இப்ப கேக்கிறது நான். ஒருக்கா நீ கதைச்சுப் பார். குரலைக் கேட்டா உனக்கு விளங்கும்."

அவர் அழவில்லை, தூசணத்தில் பேசவுமில்லை. இவ்வளவு அமைதியாகக் கேட்பார் என்று நாங்கள் இருவரும் எழுதிவைக்கவில்லை. நான் கடவுச்சீட்டைக் கொடுக்கவில்லை. அவர் நீட்டிய கைபேசியையும் வாங்கவில்லை.

அதன்பிறகு அந்த அழைப்பு வரவில்லை. குளியலறைக்குப் போனாலும் அக்கா கைபேசியைக் கொண்டுபோனார். சாப்பிடும்போது கோப்பைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அந்த எண்ணுக்குத் திரும்பத் திரும்ப எடுத்தார். கிறிஸ்மஸ் முடிந்த கிழமையில், "அவனும் என்னை விட்டிட்டான்" என்றார். குரல்காரனைச் சொன்னாரா, மகனைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காரில் ஏற மறுத்தார். அடுத்த வியாழனும் மறுத்தார். வைத்தியரும் சமூக சேவையாளரும் கதைத்தார்கள். முடிவு அவருடையது என்றார்கள். என்னிடம் மட்டும் ஒரு காரணம் சொன்னார்: "அந்த ராசா வீட்டை போறதுக்கெல்லோ கட்டச் சொன்னவன். நீ என்னை எங்கை கொண்டுபோகக் கட்டி வைச்சிருக்கிறாய்?"

அதன்பின் ஒன்பது நாள் உயிரோடிருந்தார். எட்டாம் நாள் வரை கைபேசி தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது. அக்காவின் செலவு வீட்டுச் சடங்கு முடிந்தபின் அந்த எண்ணுக்கு எடுத்தேன். அது இப்போது பாவனையில் இல்லை. முழங்கால் தழும்பை அறிந்திருக்கக்கூடியவர்களின் பெயர்களை எழுதிப் பார்த்தேன். பதினொரு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவன் மகன். அந்தக் குரல் பொய்யா, மெய்யா என்று இனி எந்த வழியாலும் அறிய முடியாது. நான்தான் அதை ஒருமுறையாவது கேட்காதவன்.

கொப்பியில் அந்த நவம்பர் 15, புதன்கிழமையின் முதல் வரி என் கையெழுத்தில் ஒழுங்காக இருக்கிறது. அக்கா எழுதச் சொன்னவற்றில் இது இல்லை. அவர் உயிரோடிருந்த நாளில் நான் அவருக்கு இதைச் சொல்லவும் இல்லை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். அக்கா உறக்கம். தேநீருக்குத் தண்ணீர் வைப்பதற்கு முன், மேசையில் சார்ஜில் கிடந்த அவருடைய கைபேசியை எடுத்து, அந்த எண்ணிலிருந்து இனி அழைப்பு வராதபடி மறித்தேன்.