கள்ளியைத் துடைத்த கை

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவள் அவள். ஊசிக்காரம்மா என்றால்தான் அங்கே எல்லாருக்கும் தெரியும். கை லேசு, வாய்தான் கொஞ்சம் கனம். வீட்டில் அவள் செல்லம் கொடுத்து வளர்ப்பது ஒரு சப்பாத்திக் கள்ளி. வெயில் விழும் ஜன்னலோரம் தொட்டி. மண் நன்றாகக் காய்ந்தால்தான் தண்ணீர். "ஊத்தி ஊத்தி அழுக வச்சிடாதீங்க" என்று புருஷனை ஓயாமல் அதட்டுவாள்.

அவர் பஸ்களுக்குப் பெயிண்ட் அடித்தவர். பக்கவாதத்தில் வலது கை விழுந்தது. அசைவு ஓரளவு திரும்பிவிட்டது, உணர்ச்சிதான் திரும்பவில்லை. சூடு தெரியாது, கிள்ளினாலும் தெரியாது. இனி வருவது சந்தேகம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, ஊரையே கிண்டல் செய்த மனிதர் வாயைத் திறப்பதில்லை. அவளுக்கு அந்த மௌனம்தான் பயமாக இருந்தது.

இதற்கிடையில் கள்ளியில் வெள்ளைப் பூச்சி பிடித்தது. பஞ்சு ஒட்டியதுபோல மடலெல்லாம் அப்பிக்கொண்டது. தினமும் சோப்புத் தண்ணீரில் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்துப் பார்த்தாள். போவேனா என்றது.

அன்று மதியம் வேலை முடிந்து வந்தவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். மனிதர் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெறும் வலது கையால் கள்ளியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். உள்ளங்கை முழுக்கச் சிவப்பு. ரத்தத்திலேயே பிழைப்பவள் பையைப் போட்டுவிட்டு ஓடினாள். கிட்டே போன பிறகுதான் தெரிந்தது, அந்த வெள்ளைப் பூச்சியை நசுக்கினால் வரும் சிவப்புச் சாறு அது.

"என்னங்க பண்றீங்க!"

"எனக்குத்தான் வலிக்காதே. இந்தக் கைக்கும் ஒரு வேலை கிடைச்சுதேன்னு..."

பெரிய முள்ளை ஒதுக்கியிருக்கிறார், மகா புத்திசாலி! கண்ணுக்குத் தெரியாத சுணைமுள் ஏராளமாக ஏறியிருந்தது. சர்க்கரைக்காரர் வேறு. வலி தெரியாத கையில் சீழ் வைத்தால் கடைசியில்தான் தெரியும். அப்படி விரலை இழந்தவர்களுக்கு அவளே ரத்தம் எடுத்திருக்கிறாள்.

கையைக் கழுவிப் பசை தடவினாள். மெல்லிய துணியை ஒட்டிக் காயவிட்டு உரித்தாள். பாதி முள் வந்தது. மிச்சத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து இடுக்கியால் பிடுங்க ஆரம்பித்தாள். அவர் வேறு யாருடைய கையோ என்பதுபோலத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கட்டைவிரல் அடியில் ஒன்று ஆழமாகப் புதைந்திருந்தது. பிடித்து இழுத்தாள்.

"ஆ!"

இடுக்கி அப்படியே நின்றது.

"விளையாடாதீங்க. கண்ணை மூடுங்க." இடுக்கியை அவர் கைமேல் படாமல் பிடித்துக்கொண்டு, "இப்ப?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

விரல் நுனியில் குத்தினாள். "இப்ப?"

"இல்ல."

பழைய இடத்திலேயே அழுத்தினாள்.

"ஐயோ! கொல்றியே, பாவி!"

அவள் இடுக்கியைப் போட்டுவிட்டு விம்மி விம்மி அழுதாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை, கையையும் இழுக்கவில்லை.

"நிறுத்தாத," என்றார். "இன்னொண்ணு எடு."