வில்லைக்கு வைத்த பொட்டு

எங்கள் பரிசோதனைக்கூடத்தின் தலைவர் தன்னை விஞ்ஞானி என்று சொல்லிக்கொண்டார். நாங்கள் யாரும் மறுக்கவில்லை. எங்கள் வருகைப் பதிவேடு அவர் மேஜையில் இருந்தது. எழுபதுகளின் நடுவில், திருவனந்தபுரத்துக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பை வெட்டிக் கட்டிய கட்டடம் அது. அழுத்தினால் மின்சாரம் தருகிற, மின்சாரம் கொடுத்தால் அதிர்கிற பீங்கான் வில்லைகளைச் செய்வது எங்கள் வேலை. அவற்றை அடுக்கி மீன்பிடி படகின் அடியில் பொருத்தினால், தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்து மீன் கூட்டம் எங்கே என்று சொல்லிவிடலாம். தலைவருக்கு இது முழுதாகப் புரிந்திருந்தது என்று நான் இன்றுவரை நம்பவில்லை.

புரிந்தவர் ஒருவர் இருந்தார். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து, கிழக்கேகோட்டையில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறி வருகிற ஓர் அக்கா. பள்ளிப் படிப்போடு வந்தவர். ஆறு வருஷமாகத் தற்காலிக ஊழியர். ஈயத் தூளைக் கலப்பதும், வில்லையாக அழுத்துவதும், சூளையில் சுடுவதும், இரு முகத்திலும் வெள்ளிப் பூச்சு பூசுவதும் எங்களில் யாரும் செய்வோம். சூடான எண்ணெயில் வில்லையை அமிழ்த்தி ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றும் வேலையை மட்டும் அவர்தான் செய்வார். அங்கேதான் வில்லைக்கு உயிர் வரும். அந்த வேலைக்குப் போலிங் என்று பெயர். அதன் கடைசி எழுத்தை வெட்டி, 'போலி' என்று நாங்கள் தலைவருக்குப் பட்டப்பெயராக வைத்திருந்தோம்.

போலிங் முடிந்ததும் வில்லையின் ஒரு முகம் பிளஸ், மறுமுகம் மைனஸ். பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அக்கா ஒவ்வொரு வில்லையையும் விரலால் அழுத்தி, மீட்டரின் முள் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்று பார்த்து, பிளஸ் முகத்தில் சிவப்பு நகச்சாயத்தால் ஒரு புள்ளி வைப்பார். சி.எஸ்.ஐ. சபைக்காரர், தன் நெற்றியில் பொட்டு வைக்காதவர், வில்லைகளுக்குத் தவறாமல் வைத்தார். அடுக்கும்போது பொட்டும் பொட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதி வில்லை திரும்பிப்போனால் ஒன்றின் வேலையை இன்னொன்று தின்றுவிடும்.

அந்த வருஷம் ஒரே ஒரு நிரந்தர இடம் வந்தது. பட்டியலில் அக்கா முதலில், நான் இரண்டாவது. நவராத்திரி முடிந்ததும் டெல்லியிலிருந்து ஒரு குழு வந்து மீன் காட்டும் கருவியைப் பார்க்கும், அதற்குப் பிறகு உத்தரவு வரும் என்றார்கள்.

அஷ்டமியன்று பூஜை வைத்தோம். ஆயுதங்களையும் புத்தகங்களையும் தேவி படத்தின் முன் வைத்தால் விஜயதசமிவரை தொடக்கூடாது. அது ஊர் வழக்கம், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் தலைவர் ஸ்பானரோடும் தராசோடும் நிறுத்தவில்லை. அக்கா லீவில் இருந்தார். அவருடைய பெட்டியைத் திறந்து, பொட்டு வைத்த வில்லைகளை எடுத்து, வாழையிலையில் தாமரைப் பூ மாதிரி பரப்பினார். எந்த முகம் மேலே, எந்த முகம் கீழே என்று பார்க்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். பக்கத்தில் நின்று கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

விஜயதசமியன்று சந்தனம் காய்ந்து ஒட்டிக்கிடந்தது. தலைவர் சொன்னபடி வில்லைகளை மொத்தமாக அசிட்டோனில் போட்டேன். சந்தனம் போயிற்று, குங்குமம் போயிற்று, நகச்சாயமும் போயிற்று.

"சார், எல்லாத்தையும் மறுபடி மீட்டர்ல பாத்துரலாம். பத்து நிமிஷம்" என்றேன்.

"தேவி முன்னாடி வெச்ச சாதனத்தை டெஸ்ட் பண்றது அவிஸ்வாசம், கேட்டோ. மேல் பக்கம்தானே பொட்டு இருந்தது? அப்படியே வெச்சுடு. டெல்லிக்காரா நாளன்னைக்கு கார்த்தால வரா."

வெச்சுட்டேன். அவரை மடையர் என்று மனதுக்குள் வைதுகொண்டே, இடையிடையே பித்தளைத் தகடு வைத்து அடுக்கி, பசை போட்டு இறுக்கினேன்.

மறுநாள் அக்கா வந்தார். அசிட்டோன் கிண்ணத்தின் அடியில் சிவப்பாக ஏதோ படிந்திருந்ததைப் பார்த்தார்.

"தம்பி, எனக்க பொட்டு அழிஞ்சு போச்சா?"

"இல்லக்கா. அது குங்குமம்."

குழு வந்தது. தலைவர் சிமென்ட் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதில் உயிரோடு இரண்டு கரிமீனை விட்டிருந்தார். கருவி அவற்றைக் கண்டுபிடித்துக் காட்டுமாம். சுவிட்சைப் போட்டோம். திரையில் ஒரு நேர்கோடு மட்டும் ஓடியது. கரிமீன்கள் எல்லாருடைய கண்ணுக்கும் தெரிந்தன, கருவிக்கு மட்டும் தெரியவில்லை. தலைவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு தொட்டியைத் தட்டிப் பார்த்தார், மீன்கள்தான் குற்றவாளிகள் என்பதுபோல. மத்தியானம் அவை கேன்டீனில் வறுபட்டன. டெல்லிக்காரர்கள் ருசித்துத்தான் சாப்பிட்டார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு விசாரணை. போலிங் சரியாக நடக்கவில்லை என்று தலைவர் கூசாமல் சொன்னார். பூஜையைப் பற்றி மூச்சுவிடவில்லை. அக்காவைக் கூப்பிட்டார்கள். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"சாரே, அடுக்குக்க எடையில பித்தளைத் தகடு நீட்டிக்கிட்டு நிக்கி. ஒவ்வொரு வில்லையையும் தனியா மீட்டர்ல பாக்கலாம். எது திரும்பி இருக்குண்ணு இப்பவே தெரியும். பத்து நிமிசம் போதும்."

நான் கேட்ட அதே பத்து நிமிஷம். மீட்டர் என் கையில் இருந்தது. சோதித்தால் வில்லைகளுக்கு உயிர் இருப்பது தெரியும், திருப்பி அடுக்கியவன் யார் என்பதும் தெரியும். குழுவில் மூத்தவர் என்னைப் பார்த்தார்.

"அந்த மீட்டரை நம்பலாமா?"

தலைவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எனக்குக் கண் காட்டவில்லை, மிரட்டவில்லை. அவர் மிரட்டினார் என்று சொல்லித் தப்பிக்கக்கூட எனக்கு வழியில்லை.

"கொஞ்ச நாளா சந்தேகமாத்தான் இருக்கு சார்" என்றேன்.

அவ்வளவுதான். ஃபைலை மூடினார்கள். இத்தனை வருஷம் தலைவரை நினைத்துக் காறித் துப்பியிருக்கிறேன். அவருக்காவது தான் செய்தது என்னவென்று தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது.

அக்கா வெளியே போகும்போது என் அருகில் நின்றார். என் கையிலிருந்த மீட்டரின் முனைகளை ஒரு விநாடி ஒன்றோடொன்று தொடவைத்தார். முள் சரியாகப் பூஜ்யத்துக்கு வந்து நின்றது.

"மீட்டருக்கு கேடு ஒண்ணும் இல்ல தம்பி" என்றார். "கேடு ஒனக்குத்தான்."

அடுத்த மாதம் நிரந்தர உத்தரவு என் பெயரில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.